மார்ட்கேஜ்: செத்தது எது?

அடமானத்துக்கு ஆங்கிலத்தில் 'மார்ட்கேஜ்'. எழுத்தில் 'ட்' உண்டு, உச்சரிப்பில் கிடையாது. காரணத்தைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பிரெஞ்சில் 'மோர்' என்றால் செத்தது, அங்கேயும் கடைசி எழுத்து ஒலிக்காது. 'காஜ்' என்றால் ஈடு. பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சொல். பிரெஞ்சுச் சட்டமோ இன்று நில அடமானத்துக்குக் கிரேக்க வேர்ச்சொல்லான 'இப்போத்தேக்' என்பதைப் புழங்குகிறது. வேடிக்கைதான்.

செத்தது எது? கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்தது, கட்டினால் ஈடு கடன் கொடுத்தவருக்குச் செத்தது என்று 17-ஆம் நூற்றாண்டில் நீதிபதி எட்வர்ட் கோக் விளக்கினார். கேட்க அழகு. ஆனால் பத்திரம் எழுத உட்காரும்போது உதவுவது 12-ஆம் நூற்றாண்டுப் பொருள்தான்: நிலத்தின் வருமானம் கடனைக் கரைக்காது, ஆகவே அது செத்த ஈடு. கரைத்தால் அது 'வீஃப் காஜ்', உயிருள்ள ஈடு.

கடன் தந்தவர் நிலத்தை அனுபவிக்கும் நம் போக்கியத்தில் இந்த இரண்டும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. கடன் 3 லட்சம், செலவு போக வருடத்துக்கு 30,000 நிற்கிறது என்று வையுங்கள். மகசூல் வட்டிக்கு என்று எழுதினால் 10 வருடம் கழித்தும் அசல் 3 லட்சம் அப்படியே நிற்கும். அசலுக்கு என்று எழுதினால், வேறு வட்டி இல்லாதபட்சத்தில், அதே 10 வருடத்தில் கடன் தீரும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 58-ஆம் பிரிவு, இரண்டையும் அனுமதிக்கிறது. பாதி வட்டிக்கு, பாதி அசலுக்கு என்றும் எழுதலாம். ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். 'அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போவதில்தான் பிற்பாடு வம்பு வருகிறது.

இதைவிடப் பெரிய பள்ளம், அடமானத்துக்குப் பதில் கிரையம் எழுதிக் கொடுப்பது. 'பணம் தந்ததும் திருப்பி எழுதித் தர்றேன்' என்ற பேச்சு அதே கிரையப் பத்திரத்துக்குள் இல்லையென்றால், பின்னால் அதை அடமானம் என்று நிரூபிப்பது பெரும்பாடு. தனித்தாளில் எழுதினாலும் போதாது.

போக்கியப் பத்திரத்தில் அசல் 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பதிவும் 2 சாட்சிகளும் கட்டாயம். பணத்தைத் திருப்பிக் கட்டும் நாளிலேயே மூலப் பத்திரத்தை வாங்கி, அடமான ரத்து ரசீதையும் பதிவு செய்துவிடுங்கள். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, அந்த ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.