பேருந்தில் வந்த அடைமுட்டை பொரிக்குமா?

சிறுவிடை, பெருவிடை, கருங்கோழி என்று இனம் பார்த்துக் கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் தங்களுக்குள் முட்டைகளையும் விற்று வாங்கிக்கொள்வதுண்டு. பன்னிரண்டு அடைமுட்டைகளை உமியில் புதைத்து, அட்டைப்பெட்டியில் கட்டிப் பேருந்தில் ஏற்றிவிட்டால் மறுநாள் காலையில் வேறோர் ஊரில் இறங்கிவிடும். இருபத்தொரு நாள் கழித்து அவற்றில் நான்கு மட்டும் பொரிந்தால் சச்சரவு தொடங்குகிறது. கரு கூடாத முட்டையைத் தலையில் கட்டிவிட்டார் என்பார் வாங்கியவர். அவருக்கு அடை வைக்கத் தெரியவில்லை என்பார் விற்றவர். குற்றம் இருவர் மீதும் இல்லாமல், இடையில் கழிந்த நாட்களின் மீது இருக்கவும் கூடும்.

சேவலோடு சேர்ந்த பெட்டைக்கோழியின் முட்டை வெளியே வரும்போதே அதற்குள் கரு வளரத் தொடங்கியிருக்கிறது. மஞ்சள் கரு சினைக்குழாய்க்குள் இறங்கி, வெள்ளைக் கருவும் ஓடும் பெற்று வெளியேற ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. தாயின் உடற்சூட்டில் கழியும் அந்த நேரத்துக்குள் ஒரே ஒரு செல் பல்லாயிரம் செல்களாகப் பெருகிவிடுகிறது. முட்டை தரையில் விழுந்து ஆறியதும் அந்த வளர்ச்சி நின்றுபோகிறது. நாளுக்கொன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்த பிறகே கோழி அடைக்கு உட்காரும் என்பதால், முதலில் இட்டதும் கடைசியில் இட்டதும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிவதற்கு இந்த இடைநிறுத்தமே காரணம். அடைமுட்டை வணிகம் முழுவதும் இந்தச் சில நாள் உறக்கத்தை இரவல் வாங்கித்தான் நடக்கிறது.

ஆனால் அந்த உறக்கத்துக்கு எல்லை உண்டு. வெப்பநிலை 15 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் ஒரு வாரம் வரை பெரிய சேதம் இல்லை; அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் கருவின் செல்கள் சிறிது சிறிதாகச் செத்துக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் 35 டிகிரியைத் தாண்டும் பெட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். அங்கே கரு உறங்குவதும் இல்லை, அடைச்சூடான 37.5 டிகிரி சீராகக் கிடைக்காததால் ஒழுங்காக வளர்வதும் இல்லை. அரைகுறையாக விழித்து, வலுவிழந்து மடிகிறது. கோடையில் முட்டையை இரவுப் பேருந்தில் அனுப்புவதே நல்லது என்பேன்.

குலுங்கல் வேறு வகையில் கெடுக்கிறது. முட்டையின் அகன்ற முனையில், இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே காற்றறை இருக்கிறது. குஞ்சு தன் முதல் மூச்சை அங்கிருந்துதான் எடுக்கும். கரடுமுரடான பயணத்தில் சவ்வு பிரிந்தால் காற்றுக்குமிழி இடம் மாறி அலையும். வந்து சேர்ந்த முட்டையை உடனே அடை வைக்காமல், அகன்ற முனை மேலே இருக்குமாறு ஒரு நாள் அசையாமல் நிறுத்தி வைக்கச் சொல்வது இதனால்தான். அழுக்காக இருக்கிறதே என்று கழுவிவிடவும் கூடாது. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு கரைந்துபோனால் கிருமி நுழைய வழி கிடைத்துவிடும்.

இனத்தூய்மைக்குப் பணம் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். பெட்டைக்கோழியின் சினைக்குழாயில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் உள்ளன; சேவலைப் பிரித்த பின்னும் இரண்டு மூன்று வாரம் வரை கருவுற்ற முட்டை வருவது அவற்றால்தான். ஆகவே நேற்றுவரை கலப்புச் சேவலோடு மேய்ந்த கோழியை இன்று நல்ல பெருவிடைச் சேவலோடு அடைத்தால், அடுத்த வாரத்து முட்டைக்குத் தகப்பன் யாரென்று உறுதி சொல்ல முடியாது. கூர்முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் சிரித்துவிட்டு நகரலாம்; பாலினத்துக்கும் முட்டையின் வடிவத்துக்கும் தொடர்பில்லை.

சச்சரவைத் தீர்க்க ஏழாம் நாள் இரவில் ஓர் இருட்டறையும் கைப்பேசி டார்ச்சும் போதும். முட்டையின் அகன்ற முனையில் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்தால், உயிருள்ள முட்டை செம்மஞ்சளாக ஒளிர்ந்து, சிலந்திக் கால்கள் போல விரிந்த இரத்த நாளங்களையும் நடுவே அசையும் கரும்புள்ளியையும் காட்டும். நாளங்கள் இன்றி ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு சில நாள் வளர்ந்து இறந்திருக்கிறது. எதுவுமே தெரியாத முட்டையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் கருவின் மேல் சிறிய, அடர்ந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் சேவல் சேரவில்லை, விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். வெளிர்நிறப் படலம் அகன்று படர்ந்திருந்தால் கரு கூடியிருந்தது, தொடக்கத்திலேயே செத்துவிட்டது. அப்படிச் செத்தது விற்றவரின் அலமாரியிலா, பேருந்திலா, வாங்கியவரின் இன்குபேட்டரிலா என்பதை முட்டை சொல்லாது. முட்டையிட்ட தேதியை ஒவ்வோர் ஓட்டின் மேலும் பென்சிலால் எழுதி அனுப்பியிருந்தால், குறைந்தது முதல் சந்தேகமாவது தீரும்.