லேட்டன்சி: ஒளிந்திருக்கும் சுணக்கம்

"மாமா, பிங் இருநூறு போகுது. எதிர்ல நிக்கிறவனைச் சுட்டாக்கூடப் படல."

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து அக்கா மகன் கத்தினான். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கீழே கூடத்தில் நான் அலுவலக வீடியோ கூட்டத்தில் இருந்தேன். எதிர்முனையில் பேசிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடியே உறைந்து போயிருந்தார். சமையலறையிலிருந்து அக்கா, "நெட்டு சுத்திக்கினே இருக்குடா" என்றாள். இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால், "சார், உங்க லைன்ல நூறு எம்பிபிஎஸ் கரெக்டா வருது சார்" என்கிறார்கள். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் வருகிறது என்ற கணக்கு. வேகச் சோதனை போட்டேன். நூறு இல்லாவிட்டாலும் தொண்ணூறுக்கு மேல் வந்தது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. படம் உறைந்ததும் பொய்யில்லை.

பையனுக்கு அது பிங், அக்காவுக்குச் சுத்துவது, எனக்கு உறைவது. அந்த வேகச் சோதனையின் மூலையில், யாரும் பார்க்காத சின்ன எழுத்தில், நான்காவது பெயர் ஒன்று இருந்தது: லேட்டன்சி.

இது வேகம் இல்லை. வேகம் வேறு, லேட்டன்சி வேறு. இதைப் புரிந்துகொள்ள வடசென்னைக்காரர்களுக்கு அடிபம்பு போதும். குடத்தை வைத்து அடிக்க ஆரம்பித்ததும் தண்ணீர் வந்துவிடாது. பத்துப் பதினைந்து அடி வெறும் காற்றுச் சத்தம்தான். அப்புறம்தான் தண்ணீர் மேலேறி வாய்க்கு வரும். வந்த பிறகு எவ்வளவு தடிமனாகக் கொட்டுகிறது என்பது ஒரு கணக்கு. முதல் அடிக்கும் முதல் சொட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்பது இன்னொரு கணக்கு. இணைப்பு விற்பவர்கள் விளம்பரத்தில் போடுவது முதல் கணக்கை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் பரிந்துரைப்படி 2023-இல் அகலப்பட்டைக்கு (பிராட்பேண்டுக்கு) வரையறை மாற்றியபோதுகூட, குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று முதல் கணக்கைத்தான் வைத்தார்கள். லேட்டன்சி என்பது இரண்டாவது கணக்கு. திரைப்படம் பார்ப்பவனுக்கு அது தெரியாது, ஏனென்றால் படம் முன்கூட்டியே குடத்தில் ரொம்பிவிடும். பேசுகிறவனுக்கும் விளையாடுகிறவனுக்கும்தான் அது உயிரை எடுக்கும்.

இனி சொல்லுக்கு வருவோம். லேட்டன்சியின் வேர் லத்தீன் மொழியின் 'லதேரே'. பொருள், மறைந்திருத்தல், ஒளிந்திருத்தல். நேரத்துக்கும் இந்த வேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்தோமே, பனிக்கட்டி உருகும்போது வெப்பமானியில் தெரியாமல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் வெப்பம், அதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். உள்ளுறை என்பது அங்கே கச்சிதமான மொழிபெயர்ப்பு.

ஒளிந்திருப்பது எப்படித் தாமதமாக மாறியது? அதற்குக் காரணம் உடலியல்காரர்கள். 1850-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் மின்சாரம் பாய்ச்சித் தசை எப்போது சுருங்குகிறது என்று அளந்தார். மின்சாரம் பாய்ந்த அந்தக் கணத்திலேயே தசை அசையவில்லை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி. உள்ளே ஏதோ நடக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்படிப்பட்ட இடைவெளியை மறைந்த காலம் என்றார்கள். மறைவைக் குறித்த சொல், மறைந்திருக்கும் நேரத்தைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு வந்த ஆரம்பகாலக் கணினிகள் பலவற்றில் சுழலும் உருளைதான் நினைவகம். வேண்டிய தகவல் இருக்கும் இடம் சுற்றி வந்து படிப்பானின் கீழ் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் இதே பெயர். அங்கிருந்து வலையமைப்புக்கு வந்து, இப்போது எங்கள் மாடி அறையில்.

பிங் இதற்கு நேர் எதிர். அதற்கு இவ்வளவு வம்சாவளி கிடையாது, அது வெறும் சத்தம். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியை நினைத்து, மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் தாம் எழுதிய சின்ன நிரலுக்கு வைத்த பெயர். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர்களிடம் இதை விளக்க வேண்டியதே இல்லை. அவர்கள் படகிலிருக்கும் எக்கோ சவுண்டர் செய்வதும் இதுதான்: ஒலியைக் கீழே அனுப்பு, தரையில் பட்டுத் திரும்பும் வரை எண்ணு. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். 75 மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப 100 மில்லிநொடி. ஆக, பிங் என்பது அளக்கும் கோல். லேட்டன்சி என்பது அளக்கப்படும் பொருள். பையன்கள் இரண்டையும் ஒன்றாக்கி, "பிங் எகிறுது" என்கிறார்கள். வெயில் அடித்தால் வெப்பமானி எகிறுது என்று சொல்வது மாதிரிதான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவன் சொன்ன இருநூறு எவ்வளவு? இருநூறு மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொன்ன அளவு கண்ணிமைப்பதும் விரல் நொடிப்பதும். ஒரு கண்ணிமைப்பு நூறிலிருந்து நானூறு மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். அதாவது அவன் எதிரியைச் சுடும் ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை பிந்துகிறான். அந்தக் குறிலுக்குள் எதிரி நாலடி நகர்ந்துவிடுகிறான்.

சரி, ஒளிந்திருப்பதுதான் வேர்ப்பொருள் என்றால், தேட வேண்டியதுதானே? அந்த வாரம் மூன்று இராத்திரி தேடினேன்.

முதலில் வீட்டுக்குள். மடிக்கணினியில் கட்டளை தட்டும் கருப்புத் திரையைத் திறந்து, எங்கள் மோடத்தின் முகவரியான 192.168.1.1-க்குப் பிங் போட்டேன். மடிக்கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே பத்தடி தூரம். இரண்டு மூன்று மில்லிநொடியில் பதில் வர வேண்டும். வந்ததோ 9, 64, 12, 131, 7, 88. கம்பியைச் செருகிப் போட்டால் ஒன்றுக்கும் கீழே. ஆக, முதல் திருடன் வைஃபை. மோடம் இருந்த இடம் இரும்பு பீரோவின் தலையில், பின்பக்கச் சுவரை ஒட்டி. அதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் தெரு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒவ்வொரு மாடியிலும் ஒரு குடித்தனம், ஒவ்வொரு குடித்தனத்திலும் ஒரு மோடம். கைப்பேசியில் தேடினால் இருபத்து மூன்று வைஃபை பெயர்கள் வந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கக்கூடிய தடங்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. இருபத்து மூன்று பேரும் மூன்று தடத்தில். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடித் திறக்கும்போது எப்படி இருக்குமோ, அப்படி. அடுத்தவன் பேசி முடிக்கும் வரை காத்திருந்துதான் நம் மோடம் பேச முடியும். அந்தக் காத்திருப்புதான் 131. மோடத்தை இறக்கிக் கூடத்தில் திறந்த இடத்தில் வைத்து, எல்லாரையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். பத்தடிக்கு மூன்று மில்லிநொடி ஆனது.

பகலில் எல்லாம் நன்றாக இருந்தது. ராத்திரி ஒன்பதானால் மறுபடி இருநூறு, முந்நூறு, சில நேரம் நானூறு. இப்போது மோடம் வரை சுத்தம். அதைத் தாண்டி கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் போட்டால்தான் எகிறியது. வெளியே ஏதோ கோளாறு என்று லைன்மேனைத் திட்டத் தயாராகிவிட்டேன். ஒளியிழை சன்னல் விளிம்பில் முறுக்கி மடிந்திருக்கிறதா, மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்றெல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மூன்றாவது ராத்திரி, திரையில் எண்கள் ஏறும்போது தற்செயலாகத் திரும்பினேன். அக்கா கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். ஒன்பது மணிக்குச் சார்ஜ், அவள் வழக்கம். ஆவணி மாதம், வாரத்துக்கு ஒரு கல்யாணம். ஒவ்வொன்றிலும் தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரைக்கும் வீடியோ. சார்ஜில் போட்டதும் அத்தனையும் தானாக மேகக் கிடங்குக்கு ஏற ஆரம்பிக்கும். சார்ஜரைப் பிடுங்கிக் கைப்பேசியின் வைஃபையை அணைத்தேன். 412 இருந்த எண் அடுத்த வரியில் 28.

இதற்குக் கணக்கு உண்டு. எங்கள் திட்டத்தில் கீழிறக்கம் நூறு, ஆனால் மேலேற்றம் பத்துதான். பத்து எம்பிபிஎஸ் குழாயில் அக்காவின் வீடியோ முட்டும்போது, மிச்சத்தை மோடம் தன் இடையகத்தில் (பஃபரில்) வரிசையாக நிறுத்தி வைக்கும். அரை மெகாபைட் வரிசை நின்றால் அது நாலு மெகாபிட். பத்து எம்பிபிஎஸ்ஸில் அது வெளியேற 0.4 நொடி. பையனின் துப்பாக்கிக் குண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அந்த வரிசையின் வாலில் போய் நின்று, நானூறு மில்லிநொடி கழித்துத்தான் வெளியே போகும். பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, தொலைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் மோடம் செய்பவர்கள் இடையகத்தைப் பெருக்கிக்கொண்டே போனதால் வந்த வினை. ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க நிரலாளர் 2010 வாக்கில் தம் வீட்டிலேயே இதைக் கண்டுபிடித்து, 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். நான் இடையக வீக்கம் என்று சொல்வேன், ஊதிப்போன வயிறுதானே. வரிசையை நீள விடாமல் நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் வசதி சில திசைவிகளில் (ரௌட்டர்களில்) இருக்கிறது. அதில் மேலேற்றத்தைப் பத்துக்குப் பதில் ஒன்பது என்று வரம்பிட்டேன். அக்காவின் கல்யாண வீடியோ கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அவளுக்கு இன்றுவரை அது தெரியாது.

மிச்சமிருக்கும் 28-ஐ எவனாலும் பெரிதாக எடுக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நூறு கிலோமீட்டர் போய்வர ஒரு மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளலாம். 2002-இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போட்ட கடலடி கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். அதில் போய்வர 32 மில்லிநொடியாவது வேண்டும். விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், ஆயிரம் ரூபாய்த் திட்டம் போட்டாலும் ஐயாயிரம் ரூபாய்த் திட்டம் போட்டாலும் அது 20 ஆகாது.

இவ்வளவுக்கும் தமிழில் என்ன பெயர்? வேரைப் பார்த்து 'உள்ளுறைவு' என்று போடலாம்தான். வெப்பத்துக்குப் பொருந்தியது இங்கே பொருந்தாது. "நெட்டில் உள்ளுறைவு அதிகம்" என்றால் எங்கள் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எல்லார் வாயிலும் இருப்பது தாமதம். அதன் வேரைத் தேடப் போனால் ஒரு வேடிக்கை. சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று மூன்று குணம் சொல்வார்களே, அந்தத் தாமதம்தான் இது. வடமொழித் 'தமஸ்', அதாவது இருள். இருளிலிருந்து சோம்பல், சோம்பலிலிருந்து காலங்கடத்தல். மேற்கே மறைவிலிருந்து வந்தது, இங்கே இருட்டிலிருந்து வந்தது. இரண்டும் வெவ்வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆனாலும் தாமதம் எனக்கு நிறைவாக இல்லை. குறித்த நேரம் என்று ஒன்று இருந்தால்தான் தாமதம். ஆறு மணி ரயில் ஆறேகாலுக்கு வந்தால் அது தாமதம். இணையத்தில் குறித்த நேரம் எங்கே இருக்கிறது? பழைய தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் தாழ்ச்சி இருக்கிறது; துணிந்த பிறகு 'தாழ்ச்சியுள் தங்குதல் தீது' என்று 671-ஆம் குறள் காலநீட்டிப்பைத்தான் சொல்கிறது. அலுவலகக் கடிதங்களில் 'காலம் தாழ்த்தாமல்' என்று அது இன்னும் வாழ்கிறது. ஆனால் தனியாகத் தாழ்ச்சி என்றால் இன்று கேட்பவருக்குக் கீழ்மை என்றுதான் படும்.

நான் சொல்வது சுணக்கம். யாழ்ப்பாணத்தார் "சுணங்காமல் வா" என்பார்கள். நம் செய்தித்தாளில் பாலம் கட்டும் பணியில் சுணக்கம் ஏற்படும். வீட்டில் காய்ச்சல் கண்ட பிள்ளை சுணங்கிப் படுத்திருக்கும். அந்த மூன்றாவது பொருளுக்காகவே எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். சுணங்கிய பிள்ளை விழித்துத்தான் இருக்கிறது, கூப்பிட்டால் பதிலும் சொல்கிறது, கொஞ்சம் கழித்து. எங்கள் இணைப்பும் அறுபடவில்லை. நூறு எம்பிபிஎஸ்ஸும் இருந்தது. கூப்பிட்டால் கொஞ்சம் கழித்துப் பதில் சொன்னது. ஆகவே குணத்துக்குச் சுணக்கம். பிங் காட்டும் எண்ணுக்கு, போய்வரும் நேரம். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

இதையெல்லாம் யோசித்து முடித்த கையோடு, அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, மோடத்தின் நெற்றியில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன்: 'போய்வரும் நேரம் 28'. போன வாரம் வேறு வேலையாக லைன்மேன் வந்தார். மோடத்தைத் திருப்பிப் பார்த்தவர், அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் இது, பஸ் டைமா?"

"பிங்" என்றேன்.

"அத சொல்லு சார்" என்று மோடத்தைப் பழைய இடத்தில் வைத்தார். இரும்பு பீரோவின் தலையில்.