மன அழுத்தமா, மனச்சோர்வா, வெறும் வெசனமா?

மாமா இறந்து ஐம்பது நாள் இருக்கும். மதுரை செல்லூரில் அத்தை திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மாமா வேலை முடிந்து வருகிற ஆறரை மணி ஆனதும் விரல் நின்றுவிடும், அழுவார். கொஞ்ச நேரத்தில் முகம் கழுவி வந்து, அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் மாமா செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வந்த கதையைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வார். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் என்னைத் தனியே கூப்பிட்டான். "அம்மாவுக்கு டிப்ரஷன்னு நினைக்கிறேன் மச்சான். மன அழுத்தத்துக்கு மாத்திரை இருக்குல்ல?"

அவன்மேல் தப்பில்லை. பரீட்சை நேரத்துப் படபடப்புக்கும் மன அழுத்தம் என்றுதான் எழுதுகிறோம்; மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாதவருக்கும் அதையேதான் எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் முன்னது ஸ்ட்ரெஸ், பின்னது டிப்ரஷன். ஸ்ட்ரெஸ்ஸின் வேர், இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல். பொறியாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நம் பதினோராம் வகுப்பு இயற்பியலில் அதற்குப் பெயர் தகைவு. உடலுக்கு இந்தச் சொல்லைப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர். எலிகளை வைத்து அவர் செய்த ஆய்வு 1936-இல் வெளியானது. இயற்பியல் பாடத்திலேயே மீட்சி எல்லை என்று ஒன்று வரும்: அந்த எல்லைக்குள் இருக்கும்வரை, பாரத்தை எடுத்ததும் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். மனதின் ஸ்ட்ரெஸ்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். கடன் அடைந்தால், பரீட்சை முடிந்தால் விட்டுப்போகும். அது நோய் இல்லை.

டிப்ரஷன் என்பதோ கீழே அமுக்குவது. வங்கக் கடலில் உருவாகும் அதே பெயருள்ள ஒன்றைக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்கிறோம். வேரை மட்டும் பார்த்தால் ஸ்ட்ரெஸ்தான் இறுக்கம், டிப்ரஷன்தான் அழுத்தம்! ஆனால் மன இறுக்கம் என்ற சொல்லை ஆட்டிசத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் இனி வேரைப் பார்த்துப் பயனில்லை, வழக்கைத்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெஸ்ஸுக்கு மன அழுத்தம், டிப்ரஷனுக்கு மனச்சோர்வு. நோய் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மனச்சோர்வு நோய் என்றே எழுதலாம். 'இன்னைக்குக் கொஞ்சம் சோர்வா இருக்கு' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சோர்வு வேறல்லவா?

சரி, அத்தைக்கு இருப்பது? அதற்கு நம் பக்கத்தில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சாவு விசாரிக்கப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்கிறோம். கேதம் வடசொல், வருத்தம் என்று பொருள். வெசனப்படாதே என்பதும் வியசனம் தேய்ந்து வந்ததுதான். நல்ல தமிழ்ச் சொல் என்றால் இழவு. இழ என்ற வேரிலிருந்து வந்தது, இழந்துபோனது என்ற நேர்பொருள். பாவம், வசவாகப் போய்விட்டது. இனி மருத்துவக் கட்டுரையில் இழவு என்று எழுத முடியாது. இழப்புத் துயர் என்று எழுதலாம்.

துயர் அலை அலையாக வரும். ஒரு பாட்டு, ஒரு சட்டை, ஆறரை மணி என்று ஏதாவது ஒன்று கிளப்பிவிடும், பிறகு அடங்கும். நடுவில் சிரிப்பு வரும், பசிக்கும். மனச்சோர்வில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. எதிலும் நாட்டமில்லாமல், அநேகமாக நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும். தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெடும். முக்கியமாக, துயரில் இருப்பவர் 'அவர் இல்லையே' என்பார். மனச்சோர்வில் இருப்பவர் 'நான் எதுக்கு இருக்கேன், எல்லாருக்கும் பாரம்' என்பார். இந்தப் பேச்சு காதில் விழுந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டும் சேர்ந்தும் வரும். சாவு நடந்த இரண்டு மாதத்துக்குள் வருவதைப் பொதுவாக மனச்சோர்வு என்று எண்ணாதே என அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஒரு விலக்கு இருந்தது. 2013-இல் அதை நீக்கிவிட்டார்கள். பெரிய சர்ச்சையானது. நீடித்த துயரைத் தனிக் கோளாறாக 2022-இல் அதே கையேட்டில் சேர்த்தபோது, பெரியவர்களுக்கு 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 6 மாதம். நம் வீடுகளில் பதினாறாம் நாள் கருமாதி செய்தாலும், தலைத்திவசம் வரை பொங்கல், தீபாவளி கிடையாது. ஊர் கொடுத்த தவணையும் ஒரு வருடம்தான்.

அத்தை மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இது டிப்ரஷன் மாதிரி தெரியவில்லை, கேதம்தான், ஆறரை மணிக்கு மட்டும் போன் பண்ணு என்றேன். தட்டில் சோறு அப்படியே மிஞ்சினால், பூ கட்டுவது நின்றால், தாமதிக்காமல் சொல் என்றும் சொன்னேன். அப்படி ஆனால் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரிக்குப் போய் டிப்ரஷன் என்றோ மன அழுத்தம் என்றோ சொல்லத் தேவையில்லை. 'தூக்கம் வரல, சோறு இறங்கல, இருபது நாளாச்சு' என்றால் போதும். பெயரை டாக்டர் பார்த்துக்கொள்வார்.