மென் பிளாஸ்டிக் லூரில் மார்க்கர் மை எங்கே போகிறது?

மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் செயற்கை இரைக்கு லூர் என்று பெயர். அப்படியொரு வெளிர் நிறப் பிளாஸ்டிக் புழுவை எடுத்து, அதன் முதுகில் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு இழுத்துப் பாருங்கள். முனை வழுக்கிக்கொண்டு போகும், பின்னாலேயே ஈரம் மினுங்கும், சில நொடிகளில் அந்த மினுக்கம் அடங்கிவிடும். அப்புறம் விரலால் தேய்த்தாலும் தண்ணீரில் அலசினாலும் கோடு போகாது. ஆனால் அதே புழுவைச் சில நாள் கழித்து எடுத்தால், கூர்மையாக இருந்த கோடு தடித்து, ஓரங்களில் நீலமோ ஊதாவோ கசிந்திருக்கும். தேய்த்தபோது நகராத மை தானாக நகர்ந்திருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மை அந்தப் புழுவின் மேல் உட்காரவில்லை, உள்ளே கரைந்துவிட்டது. அது எப்படி என்று புரிந்துகொள்ள, புழு எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான மென் பிளாஸ்டிக் லூர்கள் பி.வி.சி.யால் செய்யப்படுகின்றன. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பி.வி.சி.தான். தனியாக இருக்கும்போது அது கெட்டியான பொருள். சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அசையாமல் இறுகிக் கிடக்கும். அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன், 1926-இல் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காக, எளிதில் கொதிக்காத ஒரு கரைப்பானில் பி.வி.சி.யைப் போட்டுச் சூடாக்கினார். ஆறியபோது கிடைத்தது பசை அல்ல. வளைந்து, இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் ஒரு மெத்தென்ற பொருள். குட்ரிச் இருந்தது ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில். அதே ஆக்ரனில்தான் 1949-இல் நிக் கிரீம் என்பவர் மண்புழுவைப் போன்ற பிளாஸ்டிக் புழுவை அச்சில் வார்த்தார். இன்றைய மென் லூர்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

செய்முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. பொடியான பி.வி.சி.யைப் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலக்குகிறார்கள். பால் போல இருக்கும் அந்தக் கலவையைச் சுமார் 175 டிகிரிக்குச் சூடாக்கினால், சங்கிலிகள் பிரிந்து திரவத்தை உள்வாங்கிக்கொள்ளும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால், சங்கிலிகள் அங்கங்கே சிறு முடிச்சுகளாகச் சேர்ந்து ஒரு வலையாகிவிடும். வலையின் இடைவெளி முழுக்க எண்ணெய். மென்மையான லூர்களில் பி.வி.சி.யைவிட இந்த எண்ணெயின் எடைதான் அதிகம். கையில் பிடித்தால் திடப்பொருள். ஆனால் ஒரு சிறிய மூலக்கூறைப் பொறுத்தவரை அது கொஞ்சம் கெட்டியான திரவம், உள்ளே நீந்திப் போக இடமிருக்கிறது.

இப்போது மார்க்கருக்கு வருவோம். பெர்மனென்ட் மார்க்கர் மையில் முக்கியமாக மூன்று பொருட்கள்: ஆல்கஹால் வகைக் கரைப்பான், சாயம், சாயத்தைப் பரப்பில் பிடித்துவைக்கும் பிசின். கண்ணாடியில் எழுதினால் கரைப்பான் ஆவியாகும், சாயமும் பிசினும் மெல்லிய படலமாக மேலேயே தங்கும். லூரில் எழுதினால் கரைப்பானில் ஒரு பகுதி ஆவியாகிறது, மீதி பிளாஸ்டிக்குள் இறங்கி மேற்பரப்பைக் கொஞ்சம் உப்பவைக்கிறது. சாயமும் அதோடு உள்ளே போய்ப் பிளாஸ்டிசைசரில் கரைந்துகொள்கிறது. லூருக்கென்றே விற்கும் சாயப் பேனாக்களும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கின்றன. நீரில் கரையும் மை கொண்ட ஹைலைட்டரோ ஸ்கெட்ச் பேனாவோ இங்கே உதவாது. அந்த மை எண்ணெய்ப் பரப்பில் ஒட்டாமல் துளித்துளியாக உருண்டுவிடும்.

உள்ளே போன சாயம் சும்மா இருக்காது. ஈரத்துணியில் விழுந்த மை பரவுவது போல இங்கேயும் பரவுகிறது, ஆனால் மிக மெதுவாக. இந்தப் பரவலுக்கு ஒரு கணக்கு உண்டு: போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் பரவ ஒரு நாள் ஆனால், 2 மில்லிமீட்டருக்கு 4 நாள், 3 மில்லிமீட்டருக்கு 9 நாள். அதனால்தான் ஆரம்பத்தில் மளமளவென்று மங்கும் கோடு, பிறகு மாறுவதே தெரியாமல் மாறுகிறது. வெப்பம் ஏறினால் வேகமும் ஏறும். கறுப்புக் கோட்டின் ஓரத்தில் நீலம் கசிவதற்கும் இதுதான் காரணம். பல கறுப்பு மைகள் ஒன்றுக்கு மேற்பட்ட சாயங்களின் கலவை. வேகமாக நகரும் சாயம் முந்திக்கொண்டு வெளியே வந்து தன் நிறத்தைக் காட்டுகிறது. காகிதத்தில் மையைப் பிரித்துக் காட்டும் பள்ளிக்கூடச் சோதனை, இங்கே ஒரு புழுவின் முதுகில் தானாகவே நடக்கிறது. எனக்கு இந்த ஓரக் கசிவு குறையாகத் தெரிவதில்லை. உயிருள்ள மீனின் முதுகு நிறமும் விலா நிறமும் கோடு கிழித்தா பிரிகின்றன?

வெள்ளையும் வெள்ளியும் தனிக்கதை. அந்தப் பேனாக்களில் இருப்பது சாயம் அல்ல, நிறமித் துகள்கள். ஒரு சாய மூலக்கூறோடு ஒப்பிட்டால் துகள் மிகப் பெரியது, வலைக்குள் நுழையவே நுழையாது. மேலே படலமாக உட்கார்ந்து, லூரை இழுத்தவுடன் வெடித்து உரியும்.

வண்ணம் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பரப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். லூர்களைப் பைக்குள் வாசனை எண்ணெய் ஊற்றி விற்பார்கள், சில லூர்களில் உப்பும் கலந்திருக்கும். மார்க்கர் முனை அந்த எண்ணெயை உறிஞ்சினால் மை இறங்காது, முனையும் கெட்டுப்போகும். டிஷ்யூ காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டு வரைந்தால் போதும்.

சாயம் ஒளியைக் கூட்டுவதில்லை, கழிக்கிறது. மஞ்சள் லூரில் நீலம் பூசினால் பச்சை வரும். கறுப்பில் மஞ்சள் பூசினால் ஒன்றும் வராது. எனவே வெளிர் நிறமோ, ஒளி ஊடுருவும் நிறமோதான் நல்ல அடித்தளம். இதில் ஃப்ளூரசென்ட் சாயங்கள் மட்டும் கொஞ்சம் வேறு. வாலில் பூசும் பளிச்சென்ற மஞ்சள்பச்சைச் சாயம் நீல ஒளியை வாங்கி மஞ்சள்பச்சையாகத் திருப்பிக் கொடுக்கும். ஃப்ளூரசென்ட் ஆரஞ்சு, பச்சை ஒளியை வாங்கி ஆரஞ்சாகக் கொடுக்கும்.

தண்ணீருக்குள் இந்த வித்தியாசம் பெரிது. தெளிந்த நீரிலேயே, 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி 5 மீட்டர் போவதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். 10 மீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான் மிச்சம். நீல ஒளியோ அதே 10 மீட்டரில் பத்தில் ஒன்பது பங்கு தப்பிவிடும். ஆழத்தில் சாதாரணச் சிவப்பு கறுப்பாகத் தெரிவது அதனால்தான். ஃப்ளூரசென்ட் ஆரஞ்சு அங்கேயும் ஆரஞ்சாகவே இருக்கும், ஏனென்றால் அதற்குத் தேவையான பச்சை ஒளி அங்கே இருக்கிறது. இலை தழை ஊறிய பழுப்பு நீரில் நிலைமை தலைகீழ்: நீலம் முதலில் காணாமல் போகும், சிவப்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

சரி, இதையெல்லாம் மீன் பார்க்கிறதா? மென் லூர்களுக்குப் பேர்போன லார்ஜ்மவுத் பேஸ் மீனுக்கு கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான். ஒன்று பச்சைக்கு, இன்னொன்று சிவப்புக்கு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சிவப்பையும் பச்சையையும் அந்த மீன்கள் நன்றாகப் பிரித்தறிந்தன; மஞ்சள்பச்சையை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டன. அதுவும் போக, பெரும்பாலான மீன்களின் கண்கூர்மை நம்முடையதைவிடப் பல மடங்கு குறைவு. செதில் செதிலாக நாம் வரையும் நுணுக்கம் பிளாஸ்டிக்குள் சில நாளில் மங்கும், அதற்கு முன்பே மீனின் கண்ணில் மங்கிவிடும். என் கணிப்பில் மார்க்கரால் செய்யத் தகுந்தவை மூன்றே: முதுகைக் கருமையாக்கி வயிற்றை வெளிறவிடுவது, விலாவில் நாலைந்து தடித்த பட்டைகள், வாலில் ஒரு பளிச். கீழிருந்து வானத்தைப் பின்னணியாகக் கொண்டு லூரைப் பார்க்கும் மீனுக்கு, அதன் உருவமும் வால் அசைவும் தவிர வேறெதுவும் தெரியப்போவதில்லை.

வரைந்த லூர்களைப் பத்திரப்படுத்துவதிலும் அதே பரவல்தான் பிரச்சினை. கறுப்பு முதுகு ஒன்று வெள்ளை லூரோடு ஒட்டிக் கிடந்தால், சாயம் எல்லை பார்க்காமல் தாண்டிவிடும். நிறவாரியாகத் தனித்தனிப் பையில் போடுங்கள், வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நீண்டு இழுபடும் டி.பி.இ. (ரப்பர் போன்ற வேறொரு பிளாஸ்டிக்) வகை லூர்களை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அவற்றில் இருப்பது வேறு எண்ணெய். இரண்டு எண்ணெய்களும் ஒன்றுக்குள் ஒன்று ஊறினால் லூர்கள் பிசுபிசுத்து, உருகியதுபோல ஒட்டிக்கொள்ளும். சாதாரண மார்க்கர் மையும் டி.பி.இ.யில் அவ்வளவாக இறங்காது. கூர்மையான பட்டைகள் வேண்டும் என்பவர்கள், மார்க்கரைக் கையோடு கொண்டுபோய்க் கரையில் வைத்தே வரைந்து, அன்றைக்கே தண்ணீரில் போட்டுவிடுவது நல்லது.