பேட்மேனின் அங்கி ஏன் பிசுபிசுக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கலாம் என்று பேட்மேன் பொம்மையைத் தூக்கினேன். அவர் நின்றுகொண்டிருந்த ஸ்டாண்டும் கூடவே வந்தது. தோளிலிருந்து தொங்கும் அங்கியின் கீழ்நுனி ஸ்டாண்டோடு ஒட்டிப்போயிருந்தது. மெல்லப் பிரித்தெடுத்துப் பார்த்தால், வழவழவென்று இருந்த கறுப்பு ஸ்டாண்டில் அங்கியின் மடிப்பு அப்படியே பள்ளமாகப் பதிந்திருக்கிறது. அங்கியைத் தொட்ட விரலில் விளக்கெண்ணெய் பட்டது போன்ற பிசுபிசுப்பு.

மூன்று வருடங்களுக்கு முன் இதே பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே, கையையும் காலையும் மடக்கிப் பார்த்துவிட்டு, பத்துக்கு ஒன்பது மார்க் போட்டவன் நான். மூட்டு இறுக்கமாக இருக்கிறதா, பெயின்ட் பிசிறடிக்கிறதா, முகம் அந்த ஆளைப் போல இருக்கிறதா, வைத்த போஸில் நிற்கிறதா. ஆக்‌ஷன் ஃபிகர் என்கிற, கை கால் அசையும் பொம்மை வாங்குகிற எல்லோரும் பார்க்கிற அதே நாலு விஷயங்கள்தான். பார்த்ததில் தப்பில்லை. ஆனால் பார்த்தது முதல் நாள் பிளாஸ்டிக்கை. பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகும் அதற்குள் ஏதாவது நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் மூட்டு. இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பையன்கள் ‘டால்’ வைத்து விளையாட மாட்டார்கள் என்ற பயத்தில் கண்டுபிடித்த பெயர்தான் ஆக்‌ஷன் ஃபிகர். கிட்டத்தட்ட 30 செ.மீ. உயரம், அசையும் பாகங்கள் 21 என்று விளம்பரம். அன்று தொடங்கியது இந்த மூட்டுக் கணக்கு. இன்றைக்கும் பெட்டியில் ‘முப்பதுக்கு மேல்’ என்று போட்டால் நமக்குக் கை துறுதுறுக்கிறது.

தோளிலும் இடுப்பிலும் இருப்பவை பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பந்துக்கிண்ண மூட்டுகள். முழங்கையிலும் முழங்காலிலும் கீல் மூட்டு. நம் உடம்பில் மூட்டைத் தாங்கத் தசையும் தசைநாரும் இருக்கின்றன. பொம்மைக்கு உராய்வை விட்டால் நாதியில்லை. அதனால் கிண்ணத்தின் உள்விட்டத்தைப் பந்தைவிட ஒரு துளி சிறியதாகச் செய்து, பந்தை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள். விரிந்த கிண்ணம் சுருங்கப் பார்க்கும், சுருங்க முடியாமல் பந்தைக் கவ்வும். அந்தக் கவ்வலில் பிறக்கும் உராய்வுதான் நீட்டிய கையைக் கீழே விழாமல் நிறுத்துகிறது.

ஒரு பொம்மையின் தோளை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முதலில் அசையவே அசையாது, அப்புறம் சட்டென்று நாம் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஓய்வில் இருக்கும்போது உள்ள உராய்வு, நகரத் தொடங்கிய பின் உள்ள உராய்வைவிட அதிகம் என்பதால் வரும் குதிப்பு இது. நல்ல மூட்டில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும், வெண்ணெயில் கத்தி போவது போலத் திரும்பும். பாலிஅசிட்டால் என்ற பிளாஸ்டிக் இதற்குப் பேர்போனது. எண்ணெய் போடாமலே வழுக்கும், எளிதில் தேயாது. ஆனால் அதன் மேல் பெயின்டும் வழுக்கிவிடும். அதனால் நிறத்தைக் குழைத்தே அதை வார்க்க வேண்டியிருக்கிறது. சிவப்புக் காலுக்கு நடுவே முழங்கால் மட்டும் கொஞ்சம் வேறு சிவப்பாக இருக்கிறதே என்று பொரிந்து தள்ளுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம். பல சமயம் அது தொழிலாளியின் கவனக்குறைவு அல்ல, வழுக்கும் மூட்டுக்குக் கொடுத்த விலை.

அளவு பெரிதானால் கதை மாறுகிறது. பரவலாக விற்கும் 15 செ.மீ. பொம்மை, ஆளின் உயரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அதையே எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கி 30 செ.மீ. ஆக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கையின் கனம் கன அளவைப் பொறுத்தது, எனவே எட்டு மடங்கு. கையின் நீளமும் இரண்டு மடங்கு. ஆக, நீட்டிய கை தோள்மூட்டைக் கீழ்நோக்கித் திருப்பும் திறன் பதினாறு மடங்கு. மூட்டின் பிடிப்போ, கவ்வும் பரப்பு நாலு மடங்கும் ஆரம் இரண்டு மடங்கும் சேர்ந்து, எட்டு மடங்குதான் கூடும். சுமை பதினாறு, பிடிப்பு எட்டு. சின்ன பொம்மையில் சுகமாக நின்ற அதே வடிவமைப்பு, பெரிய பொம்மையில் கையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. இதனால்தான் பெரிய பொம்மைகளை உள்ளே கூடாக வார்க்கிறார்கள், அல்லது மூட்டுக்குள் பற்சக்கரம் வைத்து ‘க்ளிக் க்ளிக்’ என்று திரும்ப வைக்கிறார்கள். பற்சக்கரம் பாரம் தாங்கும். ஆனால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் நிற்காது. வில்லின் நாணைச் சரியாகக் காதருகே கொண்டுபோக நினைத்தால் கை ஒன்று முன்னால் நிற்கும், இல்லை பின்னால் போய்விடும். எனக்கு இந்தச் சத்தம் பிடிக்காது. அது என் சொந்தக் குறை.

மூட்டு லூசாவதற்குத் தேய்மானம் மட்டும் காரணமல்ல. தொடாமல் வைத்திருந்த பொம்மையும் லூசாகும். விரிந்தே இருக்கும் கிண்ணத்தில் பிளாஸ்டிக்கின் நீள நீள மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று மெல்ல நழுவி, விரிந்த நிலைக்கே பழகிக்கொள்கின்றன. கவ்வல் குறைகிறது. பழைய டவுசரின் எலாஸ்டிக் நாடாவுக்கு ஆவதும் கிட்டத்தட்ட இதுதான். சேகரிப்பவர்கள் இதற்குச் செய்யும் கைவைத்தியம், பந்தின் மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூவைத் தடவி, காயும்வரை மூட்டை ஆட்டிக்கொண்டே இருப்பது. தலைமுடிப் பருமன்கூட இல்லாத ஒரு படலம் பந்தைப் பெரிதாக்கிவிடும், பிடிப்பு திரும்பிவிடும். ஆட்ட மறந்தால் ஆயுசுக்கும் அதே போஸ்தான். ஒட்டிக்கொண்டதே என்று துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் எடுக்காதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பொம்மையின் உடம்பான ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்டிக் கரைந்தே போகும்.

1982இல் ஜி.ஐ. ஜோ சுமார் 10 செ.மீ. உயரத்துக்குச் சுருங்கி மறுபடி வந்தபோது, மேலுடலையும் காலையும் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருந்தது. அருமையான யோசனை. இடுப்பு எந்தப் பக்கமும் திரும்பும். வளையம்தான் வயதாகிக் காய்ந்து ஒருநாள் அறும், வீரர் இரண்டு துண்டாவார். அந்தத் தலைமுறைச் சேகரிப்பாளர்கள் புது வளையத்தைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். 1978இல் கென்னர் நிறுவனம் விற்ற முதல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் அசைவது பெரும்பாலும் ஐந்தே இடம்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. இன்று மதிப்பெண் போட்டால் அவை தேறாது. ஆனால் கெட்டுப்போக அவற்றில் என்ன இருக்கிறது?

முகத்துக்கு வருவோம். 1:12 அளவில் கண்ணின் கருவிழி வட்டம் ஒரு மில்லிமீட்டர். ரப்பர் ஸ்டாம்ப் போல ஒரு சிலிகான் திண்டு, செதுக்கிய தகட்டிலிருந்து மையை எடுத்து முகத்தில் ஒற்றுவதுதான் பழைய முறை. ஒரு நிறத்துக்கு ஒரு ஒற்று. வெள்ளைக்கு ஒன்று, கருவிழிக்கு ஒன்று, புருவத்துக்கு ஒன்று. இதில் கால் மில்லிமீட்டர் தள்ளிப் போனால், நிஜ மனிதனின் கண்ணில் மூன்று மில்லிமீட்டர் தள்ளியதற்குச் சமம். அழகான கதாநாயகனுக்கு மாறுகண் வந்தது இப்படித்தான். 2010களின் பின்பாதியிலிருந்து பல நிறுவனங்கள் இங்க்ஜெட் பிரின்டர் போல முகத்தில் நேராகப் புள்ளிகளைத் தெளித்து அச்சிடுகின்றன. எல்லா நிறமும் ஒரே வீச்சில் விழுவதால் கண் இடம் மாறுவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பழைய செய்தித்தாள் படம் போல கன்னத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கை நீட்டும் தூரத்தில் வைத்தால் நிஜத் தோல்.

சரி, அங்கிக்கு வருகிறேன்.

ஒரு பொம்மை ஒரே பிளாஸ்டிக்கால் ஆனதில்லை. உடம்பின் உறுதியான பாகங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ். முடி, அங்கி, இடுப்பு மடிப்பு போன்றவை மென்மையான பிவிசி. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் பீய்ச்சி, ஆறிய பின் அச்சைத் திறந்து எடுப்பார்கள். கடினமான பாகத்தில் உள்பக்கம் வளைந்த கொக்கி மாதிரி ஏதாவது இருந்தால் அச்சை விட்டு வராது. மென்மையான பாகம் கொஞ்சம் வளைந்துகொடுத்து வெளியே வந்துவிடும். காற்றில் பறக்கிற சுருள் முடி எல்லாம் வளையும் பிளாஸ்டிக்கில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தையின் கண்ணைக் குத்தக் கூடாது என்பது இன்னொன்று.

ஆனால் பிவிசி இயல்பில் மென்மையானதே இல்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய் எது? அதே பிவிசிதான். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றை ஒன்று மின்னியல் ஈர்ப்பால் இறுகப் பற்றியிருக்கும். அவற்றுக்கு நடுவே எண்ணெய் போன்ற சிறிய மூலக்கூறுகளைக் கலந்தால் பிடி தளர்ந்து சங்கிலிகள் வழுக்கும், குழாய் அங்கியாகும். இந்த எண்ணெய்க்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். நன்றாகக் குழைகிற பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இதுவாக இருக்கலாம். முக்கியமான சங்கதி, இது பிவிசியோடு வேதிப்பிணைப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஒண்டுக் குடித்தனம்தான். வழி கிடைத்தால் கிளம்பிவிடும்.

கிளம்பி மேற்பரப்புக்கு வருவதைத்தான் நாம் பிசுபிசுப்பு என்கிறோம். வெப்பம் கூடக் கூட மூலக்கூறுகள் வேகமாக விரவும். ஜன்னலோர அலமாரியில், நம் ஊர் மே மாதத்தில், என் பேட்மேனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புது ரெயின்கோட்டின் வாசனையில் இந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டு. புதுக் காரின் கண்ணாடியில் உள்பக்கம் படிகிற மெல்லிய படலத்திலும் உண்டு. ஸ்டாண்டில் பள்ளம் விழுந்ததும் இதனால்தான். ஏபிஎஸ்ஸில் ஸ்டைரீன் இருக்கிறது, பிவிசியிலிருந்து கசிந்த எண்ணெய் அதற்குள்ளும் புகுந்து இளக்கிவிடும். இளகிய இடத்தில் அங்கியின் பாரம் மூன்று வருடம் அழுத்தினால் மடிப்பு பதியாமல் என்ன செய்யும்?

எந்த எண்ணெய் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நெடுங்காலம் ஃப்தாலேட்டுகள் கோலோச்சின. குழந்தைகள் வாயில் வைத்தால் உடலுக்குள் போகும், ஹார்மோன்களைக் குழப்பும் என்ற கவலையால் ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அமெரிக்கா 2008இலும் சட்டம் போட்டன. குறிப்பிட்ட சில ஃப்தாலேட்டுகள் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இப்போது சிட்ரேட் வகை உட்பட மாற்றுகள் வந்திருக்கின்றன. அவை பாதுகாப்பில் மேல். ஒண்டுக் குடித்தனத்தில் மட்டும் மாற்றமில்லை.

அப்படியானால் பெட்டியைப் பிரிக்காமலே வைத்துவிடலாமா? சேகரிப்பவர்கள் இதில் இரண்டு கட்சி. பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாததால் வெளியே வந்த எண்ணெய் ஆவியாகாமல் தோலின் மேலேயே தங்கும், பிரிக்கும்போது பிசுபிசுப்பு அதிகமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அருங்காட்சியகங்களில் பழைய பிவிசி பொருள்களைக் காப்பாற்றுகிறவர்கள், எண்ணெயை உறிஞ்சாத கண்ணாடி போன்ற பொருளால் ஆன மூடிய பெட்டியைத்தான் விரும்புகிறார்கள். வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளே இருப்பது மிச்சமாகும். காற்றோட்டமாக வைத்தால் கை ஒட்டாது, ஆனால் வருடங்கள் போகப் போகப் பொருள் காய்ந்து, சுருங்கி, வெடிக்கும். நானாக இருந்தால் பிரிப்பேன். பார்க்காத பொம்மை எதற்கு?

இதே இளக்கத்தில் நல்லதும் உண்டு. பெட்டிக்குள் அழுந்தி வாழைத்தண்டு நார் போல வளைந்து வரும் வாள்களைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்க வைத்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். யாரும் தொடாமலே அது நிமிரும். குளிர்ந்த நிலையில் வளைந்ததால் சங்கிலிகளுக்குள் இழுவிசை தங்கியிருக்கும். சூடு ஏறியதும் அவை விடுபட்டு, அச்சில் பிறந்த வடிவத்துக்கே திரும்புகின்றன. உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். முதல் தடவை பார்த்தபோது என் தங்கை மகள் அந்த வாளை நாலு முறை வளைத்து வளைத்துப் போடச் சொன்னாள்.

மெலிந்த கணுக்கால் உள்ள பொம்மைகள் வருடக்கணக்கில் நின்று நின்று முன்னால் சாய்வதும், மூட்டு லூசாவதில் பார்த்த அதே மூலக்கூறு நழுவலால்தான். கொஞ்சம் சாய்ந்ததும் ஈர்ப்பு மையம் பாதத்தின் விளிம்பை நோக்கி நகரும், கணுக்காலில் சுமை கூடும், இன்னும் வேகமாகச் சாயும். ஒருநாள் இரவு மூன்று மணிக்கு அலமாரியில் தடதடவென்று சத்தம் கேட்கும். முன்வரிசையில் ஒருவர் விழுந்தால் மொத்தப் படையும் போச்சு.

பேட்மேனை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினேன். பிசுபிசுப்பு போயிற்று. சில மாதங்களில் திரும்பி வரும். ஸ்டாண்டை ஓரம் கட்டிவிட்டு, ஜன்னலுக்கு எட்டாத கண்ணாடித் தட்டில், அங்கி எதன் மேலும் படாதபடி விளிம்பில் நிறுத்தியிருக்கிறேன். மார்க் ஏழு. போன மாதம் வந்த ஸ்பைடர்மேனுக்கு இன்னும் மார்க் போடவில்லை. பிரித்த தேதியை அவர் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டலாம் என்று எடுத்தேன், அந்தப் பசையையும் எண்ணெய் இளக்கிவிடுமே என்று வைத்துவிட்டேன். பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.