‘யின்ஸ்’ என்று பேசும் பிள்ளைக்கு ஸ்பீச் தெரபி தேவையா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் பக்கத்துப் பள்ளியில் ஒரு முதல் வகுப்புப் பிள்ளை சேறு அப்பிய ஷூவைக் காட்டி, “மை ஷூஸ் நீட் வாஷ்ட்” என்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிமாநிலத்திலிருந்து வந்த ஆசிரியர், நடுவில் ‘டு பி’ விழுந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதுவார். இலக்கணப் புத்தகம் வைத்து ஆங்கிலம் படித்த தமிழ்ப் பெற்றோர் உடனே திருத்தப் பார்ப்பார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மட்டும் வாக்கியத்தில் எந்தக் குறையும் தெரியாது. ஷூவை வாங்கிக் கழுவப் போய்விடுவார்.

நியாயம் பாட்டி பக்கம்தான். 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்து மேற்கு பென்சில்வேனியாவில் குடியேறிய ஸ்காட்ஸ்-ஐரிஷ் மக்கள் கொண்டுவந்த வாக்கிய அமைப்பு அது. இன்றும் அந்த வட்டாரத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ‘நீட்’ போலவே ‘வான்ட்’, ‘லைக்’ ஆகிய வினைகளோடும் வரும்: பூனை “வான்ட்ஸ் பெட்டெட்”, கைக்குழந்தை “லைக்ஸ் கடில்ட்”. கண்ட வினையோடெல்லாம் ஒட்டாது. அதாவது, இதற்கென்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

பேச்சுப் பயிற்சித் துறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடுதான் கைவிளக்கு. வட்டார வழக்கில் வளரும் பிள்ளை அதன் விதியை மீறாது. “நீட்ஸ் வாஷ்ட்” என்று சொன்னால் கவலையில்லை. “நீட்ஸ் வாஷ்” என்று கடைசி ஒலியை விட்டுவிட்டால், அது இந்த வட்டார வழக்கில் சேராது. ஐந்து, ஆறு வயதிலும் இது தொடர்ந்து, நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் “வாக்”, “ஜம்ப்” என்று ஈறு விழுந்தால் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கமான ஆஷா, ஆங்கிலத்தின் எந்த வட்டார வழக்கும் பேச்சுக் குறைபாடோ மொழிக் குறைபாடோ அல்ல என்று 1983இலேயே எழுத்தில் அறிவித்துவிட்டது. ஆனாலும் தவறுகள் இரண்டு பக்கமும் நடக்கின்றன. வழக்கைக் குறை என்று எழுதி, வாரம் இரண்டு முறை பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போய், அதன் பாட்டி பேசுவதையே ‘சரிசெய்வது’ ஒன்று. உண்மையான குறையை “அந்த ஊர்ப் பேச்சே அப்படித்தான்” என்று தள்ளிவைப்பது இன்னொன்று. சத்தமில்லாமல் அதிகம் கெடுப்பது இரண்டாவதுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் வருடங்கள் அதில் கரைந்துவிடும்.

பிட்ஸ்பர்க் பேச்சு என்றதும் அந்த ஊர்க்காரர்களே முதலில் சொல்வது ‘யின்ஸ்’. ‘யூ ஒன்ஸ்’ என்பது தேய்ந்து வந்த சொல்; முன்னால் இருப்பவர் பலர் என்றால் யின்ஸ். பொது ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் ஒரே ‘யூ’தான். அந்தக் குறையைத் தென்மாநிலத்தார் ‘யால்’ வைத்து நிரப்பினார்கள், இவர்கள் யின்ஸ் வைத்து. நம்முடைய ‘நீங்க’ மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மரியாதைக்கு இதில் இடமில்லை, எண்ணிக்கைக்கு மட்டும்தான். தலைமையாசிரியர் ஒருவரையே பார்த்து யின்ஸ் என்பது பணிவாகாது. அடுத்தது ‘டவுன்டவுன்’ என்பது ‘டாண்டான்’ ஆவது. ‘அவ்’ என்று இரண்டு உயிராக நெளிய வேண்டியது ஒரே நீண்ட ‘ஆ’வாக நின்றுவிடும், ஹவுஸ், ஹாஸ் ஆகும். 1980களில் எஃகு ஆலைகள் சரிந்து, வேலை தேடி ஊரைவிட்டுப் போனவர்களுக்கு இந்தப் பேச்சே ஊர் நினைவாகிவிட்டது. அதனால்தான் இந்தச் சொற்கள் பனியனிலும் காபி கோப்பையிலும் அச்சாகி விற்கின்றன.

பனியனில் ஏறிய இந்தக் கூறுகளால் பிள்ளைக்குப் பெரிய தொல்லை வருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் ஆசிரியரும் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். தொல்லை, ஊர்க்காரர் காதிலேயே விழாத கூறுகளால்தான்.

முதலில் ‘ல்’. சொல்லின் கடைசியில் வரும் ‘ல்’ இந்த வட்டாரத்தில் நாக்கு நுனி மேலே படாமல், ‘ஓ’வும் ‘உ’வும் கலந்த மாதிரி கரைந்துவிடும். ‘பாட்டில்’ கேட்பதற்குப் ‘பாடோ’ போல இருக்கும். அந்த ‘ல்’லுக்கு முன்னால் வரும் நெடிலும் குறுகும்: ‘ஸ்டீல்’ என்பது ‘ஸ்டில்’, ஊர்க் கால்பந்து அணியான ‘ஸ்டீலர்ஸ்’ ‘ஸ்டில்லர்ஸ்’. நீச்சல் குளமான ‘பூல்’, இழு என்கிற ‘புல்’ இரண்டும் பலர் வாயில் ஒன்றாகிவிடும். சின்னக் குழந்தைகளும் ‘ல்’ வராத வயதில் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசுகின்றன. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

இதைப் பிரித்தறிய ஒரு பத்துச் சொல் போதும். சொல்லின் முதலில் ‘ல்’ வரும் மூன்று: லீஃப், லேம்ப், லெமன். நடுவில் இரண்டு: எல்லோ, பலூன். மெய்யோடு சேர்ந்து இரண்டு: ப்ளூ, ஸ்லைட். கடைசியில் மூன்று: பால் (பந்து), பூல், பாட்டில். படத்தைக் காட்டிச் சொல்லவைக்க வேண்டும். நீங்கள் சொல்லி அதைத் திருப்பிச் சொல்லவைத்தால் உங்கள் உச்சரிப்பைத்தான் அளந்ததாகும். கடைசி மூன்றில் மட்டும் ‘ல்’ கரைந்து மற்ற ஏழும் தெளிவாக இருந்தால் அது ஊர்ப் பேச்சு. ‘லேம்ப்’ என்பது ‘யேம்ப்’ அல்லது ‘வேம்ப்’ ஆனால், அது எந்த ஊர்ப் பேச்சும் அல்ல. சொல் முதலில் வரும் ‘ல்’ பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வயதுச் சுமாரில் வந்துவிடும். ஐந்து தாண்டியும் வராவிட்டால் மதிப்பீடு தேவை, அதற்கும் முன் காது கேட்கும் திறன் சோதனை. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் சொல்லின் கடைசி மெய்கள்தான் முதலில் நழுவும். இதைப் பார்க்காமல் பயிற்சியில் இறங்குவது வீண்வேலை.

இரண்டாவது, கட்டிலைக் குறிக்கும் ‘காட்’, பிடித்தான் என்று பொருள்படும் ‘காட்’. மற்ற பல வட்டாரங்களில் இவற்றுக்கு வெவ்வேறு உயிரொலி. மேற்கு பென்சில்வேனியாவில் ஒன்றேதான். அங்கே பிறந்தவருக்கு இரண்டும் வேறாக இருக்கக்கூடும் என்பதே தெரியாது. ஆனால் எழுத்து-ஒலிப் பயிற்சித் தாளில் ‘குறில் ஓ சொற்களை ஒரு கூடையிலும் ஏ-டபிள்யூ சொற்களை இன்னொன்றிலும் காதால் கேட்டுப் போடு’ என்று ஒரு வேலை வரும். காதில் வித்தியாசமே இல்லாத பிள்ளை அதில் பாதி தவறத்தான் செய்யும். பழத்தைப் ‘பளம்’ என்றே கேட்டு வளரும் பிள்ளையிடம் ழகரத்தையும் ளகரத்தையும் காதால் பிரிக்கச் சொல்வது எப்படியோ, அப்படித்தான். இங்கே காதைப் பழக்குவதில் பயனில்லை. ‘இவை ஒரே ஒலி, இரண்டு எழுத்து’ என்று வெளிப்படையாகச் சொல்லி, கண்ணால் பார்த்து மனத்தில் பதிய வைக்க வேண்டும். ‘பூல்-புல்’, ‘ஃபீல்-ஃபில்’ சோடிகளுக்கும் இதே வழிதான். எழுத்துப் பிழைகள் இந்தச் சோடிகளுக்குள் மட்டும் அடங்கினால் படிப்புக் குறைபாடு என்று பதற வேண்டாம். வெளியிலும் சிதறினால் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பேச்சைக் கணக்கில் எடுக்காமல் வாசிப்புக் கற்பிப்பது நீதிமன்றம் வரை போன விஷயம். மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில், கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சு வழக்கைப் பள்ளி நிர்வாகம் கவனத்தில் கொள்ளவில்லை என்று 1979இல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்து, ஆசிரியர்களுக்கு அதைப் புரியவைக்கத் திட்டம் வகுக்கச் சொன்னார். பிட்ஸ்பர்க் பேச்சுக்கு அவ்வளவு இழிவு நேர்ந்ததில்லை, அதைப் பேசுபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சொல்வளத் தேர்வில் விழும் அடி வேறு மாதிரி. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், ரப்பர் பேண்டைக் ‘கம்பேண்ட்’ என்றும், வேக்குவம் கிளீனரை ‘ஸ்வீப்பர்’ என்றும், முள்ளை ‘ஜேகர்’ என்றும் பிள்ளை சொல்லும். கம்பேண்ட், ஜெர்மானியக் குடியேறிகளின் ‘கும்மிபாண்ட்’ வழி வந்தது. விடைத்தாளில் அந்தச் சொல் இல்லையென்றால் மதிப்பெண் பூஜ்யம். வழுக்குகிற தரை ‘ஸ்லிப்பி’, அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பவர் ‘நெபி’. ‘நெப்’ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் பறவை அலகு, மூக்கு. பொருத்தமான சொல்தான்!

இந்தச் சிக்கலைத் தாண்ட, மதிப்பிடுபவர் தேர்வை அச்சிட்டபடி நடத்தி ஒரு மதிப்பெண்ணும், வட்டார விடைகளைச் சரி என்று எடுத்து இன்னொரு மதிப்பெண்ணும் போட்டு, இரண்டையும் அறிக்கையில் காட்ட வேண்டும். கேள்வியையே மாற்றிக் கேட்டிருந்தால் அந்தத் தேர்வின் வயதுவாரி அட்டவணை பொருந்தாது, அதையும் எழுத வேண்டும். கூடவே இயல்பான பேச்சைப் பதிவு செய்ய வேண்டும்: குறைந்தது 50 வாக்கியம், முடிந்தால் 100. பாதி மதிப்பீட்டாளரோடு, பாதி வீட்டார் ஒருவரோடு. கழுத்தில் அட்டை தொங்கும் அந்நியர் முன்னால் பல பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். அதை வைத்துச் ‘சொல்வளம் குறைவு’ என்று எழுதிவிடக் கூடாது.

யார் வீட்டிலும் புழங்காத சொற்களை வைத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. 1998இல் டொலகன், கேம்பெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட பொய்ச்சொல் தேர்வில் பொருளில்லாத 16 சொற்கள். ஓரசை முதல் நாலசை வரை, ஒவ்வொன்றிலும் நான்கு. பிள்ளை கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மொத்தம் 96 ஒலிகளில் எத்தனை சரி என்பதே கணக்கு. ஊர்ப் பேச்சு இதில் அதிகம் குறுக்கிடாது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் தவறு. இன்னொரு வழி, சோதித்து, கற்பித்து, மறுபடி சோதிப்பது. இரண்டு மூன்று அமர்வில் ஒரு புதிய சொல்லையோ கதை சொல்லும் முறையையோ கற்றுக்கொடுத்துப் பார்த்தால், வழக்கு மட்டுமே வேறான பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். மொழிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதே பாடம் பலமுறை வேண்டியிருக்கும்.

தமிழ் வீடுகளுக்கு வருவோம். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸில் ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயில் 1976இலேயே எழுந்துவிட்டது. தென்னிந்தியக் குடும்பங்கள் அந்த ஊருக்குப் புதியவை அல்ல. அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளையை மதிப்பிடத் தாளை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும். ‘வி’யும் ‘டபிள்யூ’வும் ஒன்றாவது, ‘டி’ நாக்கை மடித்து வருவது தமிழ்ப் பத்தி. கரையும் ‘ல்’, “நீட்ஸ் வாஷ்ட்” ஊர்ப் பத்தி. இரண்டிலும் அடங்காமல் மிஞ்சுவது மட்டும் மூன்றாவது.

அந்த மூன்றாவது பத்தியை உறுதிசெய்ய ஆங்கிலம் போதாது. மொழிக் குறைபாடு இருந்தால் தமிழிலும் தெரியும். ‘வந்தேன், வந்தான், வந்தாங்க’ ஈறுகள் சரியாக வருகின்றனவா? ‘பாட்டிகிட்ட’, ‘பையிலே’ என்று உருபு சேர்கிறதா? போனில் தாத்தாவிடம் நடந்ததை முன்பின் மாறாமல் சொல்கிறதா? பள்ளி போக ஆரம்பித்த பின் தமிழ் தேய்வது இயல்பு என்பதால், பள்ளிக்கு முன் எப்படிப் பேசியது என்பதே முக்கியம். இரண்டு வயதில் இரு மொழியும் சேர்த்து 50 சொல் தேறாமல், இரண்டு சொல்லைக் கோக்கவும் வராமல் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு இருமொழிச் சூழலும் காரணமில்லை, ஊர்ப் பேச்சும் காரணமில்லை.

குறை இல்லை என்று தெரிந்தபின் பள்ளி ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், கூடுதல் சட்டையாக. பிள்ளை பேசும்போது நடுவில் வெட்டித் திருத்தினால் அது பேச்சைக் குறைத்துக்கொள்ளும். தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் வீட்டில் சொல்வது, மறுபக்கம் கட்டுரையில் எழுதுவது என்று ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும். இது வகுப்பாசிரியர் வேலை; தெரபி நேரத்தை இதற்குச் செலவழிப்பது உண்மையில் தேவைப்படும் இன்னொரு பிள்ளையின் இடத்தை எடுப்பது.

மதிப்பீடு வேண்டுமென்றால் பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள். தேதி போட்டு, வீட்டில் பேசும் மொழிகள், பிள்ளையை அதிகம் பார்த்துக்கொள்பவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் எழுதி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டபின் பென்சில்வேனியாவில் 60 நாட்காட்டி நாட்களுக்குள், கோடை விடுமுறை நீங்கலாக, அறிக்கை வர வேண்டும். வந்ததும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கலங்காமல், எந்தெந்தக் கேள்விகளில் மதிப்பெண் போனது என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலில் கம்பேண்டும் ஸ்வீப்பரும் பாட்டிலும் இருக்கின்றனவா, இல்லை லேம்ப்பும் லீஃப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.