ஓட்டிப் பார்க்காமலே அளக்கும் கான்ஃபிகர்

லினக்ஸில் மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளை நிறுவும்போது பல நேரங்களில் முதலில் 'கான்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்ட் ஓடுகிறது. 'செக்கிங் ஃபார்' என்று தொடங்கி 'யெஸ்', 'நோ' என்று முடியும் வரிகள் சரசரவென்று போகின்றன. அது யாரிடம் என்ன கேட்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்.

மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரிடம்தான் கேட்கிறது. இந்தக் கான்ஃபிகரை உருவாக்கித் தரும் கருவி, 1991-இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப். அது இயங்குதளத்தின் பெயரை நம்புவதில்லை. தேவையான வசதியைப் பயன்படுத்தும் குட்டி சி நிரல் ஒன்றை எழுதி, கம்பைல் ஆகிறதா என்று பார்க்கும். கம்பைல் ஆகிவிட்டால் 'யெஸ்', இல்லையென்றால் 'நோ'. இந்த அவநம்பிக்கை சரியானது. எழுத்துத் தொடரை நகலெடுக்கும் ஸ்டர்எல்சிபிஒய் என்ற ஃபங்ஷன் 1998-இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் வந்தது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் குனூ சி நூலகத்தில் 2023-இல்தான் சேர்ந்தது. 'லினக்ஸில் இது கிடையாது' என்று யாராவது நிரலில் எழுதி வைத்திருந்தால் இன்று அது பொய்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'லாங்' என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். அளவைச் சொல்லும் குட்டி நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் லேப்டாப்பில் உட்கார்ந்து வேறொரு சிப்புக்காகக் கம்பைல் செய்யும்போது அந்த நிரல் இங்கே ஓடாதே? இங்கேதான் சி மொழியின் ஒரு விதி கைகொடுக்கிறது: அர்ரேயின், அதாவது மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலின், நீளம் மைனஸில் இருக்கக் கூடாது. 'லாங் 7 பைட்டுக்குள் அடங்கும்' என்பது உண்மையானால் நீளம் 1, பொய்யானால் மைனஸ் 1 என்று வரும்படி ஓர் அர்ரேயை எழுதுகிறார்கள். 8 பைட் என்றால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழைதான் பதில்! எல்லையை 1, 3, 7, 15 என்று உயர்த்தி, பிறகு பாதி பாதியாகக் குறுக்கினால் சரியான அளவு கிடைத்துவிடுகிறது. ஒரு நிரலைக்கூட ஓட்டவில்லை. இதை யோசித்தவர்களை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

பிழையைப் பதிலாக எடுத்துக்கொள்வதில் ஆபத்தும் உண்டு. 2024-இல் எக்ஸ்இசட் சுருக்கு மென்பொருளில் பின்கதவு பிடிபட்டபோது, இதே போன்ற சோதனைகளைச் செய்யும் சிமேக் என்ற வேறொரு கருவிக்கான அதன் கோப்பில் இன்னொரு வேலையும் வெளிப்பட்டது. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதியைச் சோதிக்கும் குட்டி நிரலில் ஒற்றைப் புள்ளி ஒன்றைச் செருகியிருந்தார்கள். அதனால் அது எங்கேயும் கம்பைல் ஆகாது. 'இந்த வசதி இல்லை' என்றே கருவி முடிவு செய்யும். உலகமே சார்ந்திருந்த அந்த மென்பொருளை நெடுங்காலம் சம்பளமில்லாமல் பராமரித்தவர் ஒரே ஒருவர். ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் அரசுகளும் இதை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்களும் இப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதிர்பாராமல் 'நோ' வந்தால் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். தோற்ற குட்டி நிரலும், கம்பைலர் சொன்ன காரணமும் அதில் வரி வரியாக இருக்கும்.